தொண்டை கட்டிய வகுப்பறை

தோல் பதனிடும் டேனரியில் வேலை செய்பவரின் கையில் குரோமிய உப்பு அரித்துப் புண் வந்தால், அதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், கண்டவுடன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களை மூன்றாம் அட்டவணையாக வைத்தது. குரோமியப் புண் அதில் இருந்தது. பச்சைத் தோலிலிருந்து மனிதருக்குத் தொற்றும் அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் இருந்தது. இயந்திர இரைச்சலில் காது மந்தமாவதும் இருந்தது. இப்படி ஒரு நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் தொழிற்சாலைகளின் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டும் என்றும் அது சொன்னது. எழுதுகிறார்களா, எழுதினால் நடவடிக்கை வருகிறதா என்பது வேறு கதை. இந்த நோய் உடம்பின் குறையால் வந்ததல்ல, வேலையால் வந்தது என்று சொல்ல ஒரு தாளாவது இருக்கிறது.

வேலூரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை பாலாற்றை ஒட்டி வாழும் மக்களுக்கு இந்தக் கேள்வி பழகியது. ஒரு தொழில் மண்ணையும் தண்ணீரையும் உடம்பையும் என்ன செய்கிறது என்று கேட்டு வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-ல் வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக ஊன்றியது. அப்படிப்பட்ட வேலூர் மாவட்டத்தில்தான், அணைக்கட்டு ஒன்றியத்துப் பள்ளிகளில் இருபது வருடம் பாடம் நடத்திவிட்டு, மாலை வீடு திரும்பியதும் சொந்தப் பிள்ளையைக் கூப்பிடக்கூடக் குரல் எழாமல் உட்கார்ந்திருக்கும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். அவர்கள் நோய்க்கு அட்டவணை இல்லை. பள்ளிக்கூடம் தொழிற்சாலை அல்லவே என்று சட்டம் சொல்லும். ஆனால் அந்தக் குரல் போனது வேலையால்தான். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்ல வருவது இந்த ஒன்றைத்தான்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. இத்தாலியின் மோடெனா நகரத்து மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தொழில்சார் மருத்துவம் என்ற துறையே அங்கிருந்து தொடங்குவதாகச் சொல்வார்கள். அந்த நூலில் தோல் பதனிடுவோரின் நோய்களும் இருக்கின்றன, பாடகர்களையும் குரல் பயிற்றுவோரையும் போலக் குரலால் பிழைப்பவர்களுக்கென்று ஓர் இயலும் இருக்கிறது. 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரே அட்டைக்குள் சேர்ந்திருந்த இரு கூட்டத்தாரில் ஒருவரைச் சட்டம் பார்த்தது, மற்றவரைப் பார்க்கவில்லை.

தொண்டைக்குள் நடப்பதைப் பார்ப்போம். மூச்சுக்குழலின் மேல்முனையில், குரல்வளைக்குள், முன்னிருந்து பின்னாக நீண்ட இரண்டு மடிப்புகள் இருக்கின்றன. குரல் நாண்கள் என்கிறோம். பெண்களுக்கு இவற்றின் அதிரும் பகுதி ஒரு சென்டிமீட்டர் அளவுதான், ஆண்களுக்கு அதைவிடச் சற்று நீளம். நுரையீரலிலிருந்து வரும் காற்று மூடிய நாண்களைத் தள்ளித் திறக்கிறது. திறந்த வேகத்தில் அவை மீண்டும் வந்து ஒன்றோடொன்று மோதி மூடுகின்றன. சாதாரணப் பேச்சில் பெண்ணின் குரல் நாண்கள் வினாடிக்குச் சுமார் 200 முறை இப்படி மோதும், ஆணுடையவை சுமார் 120 முறை. நாணின் மேற்புறத்தில் மெல்லிய தோலும், அதன் அடியில் கூழ் போன்ற ஓர் அடுக்கும், அதற்கும் கீழே தசையும் இருக்கின்றன. அடியிலுள்ள தசையின் மேல் மேலடுக்குகள் தளர்வாக அலையடிப்பதால்தான் மனிதக் குரல் பிறக்கிறது என்று ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1970-களில் விளக்கினார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேச்சில் மூச்சு வாங்கும் இடைவெளி உண்டு. 'க்', 'ட்', 'ப்' போன்ற ஒலிகளில் நாண் அதிர்வதில்லை. இவற்றைக் கழித்து, ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையின் நாண்கள் ஒரு வேலை நாளில் உண்மையில் அதிரும் நேரம் ஒரு மணி என்றே வைத்துக்கொள்வோம். 3,600 வினாடி, வினாடிக்கு 200 மோதல். ஒரு நாளுக்கு 7,20,000 மோதல்கள். குரலை உயர்த்தினால் ஒவ்வொரு மோதலும் பலமாகிறது. சுருதியும் ஏறுவதால் மோதல்களின் எண்ணிக்கையும் கூடுகிறது. மோதல் அதிகம் விழும் இடம் அதிரும் பகுதியின் நட்டநடு. முதலில் அங்கே திசு நீர் கோத்து வீங்கும். இரவு ஓய்வில் வடியும், மறுநாள் மறுபடி வீங்கும். வீக்கம் வடிய நேரம் கிடைக்காமல் மாதக்கணக்கில் தொடர்ந்தால், அரிவாள் பிடிக்கும் உள்ளங்கையில் காய்ப்பு ஏறுவதைப்போல, இரண்டு நாண்களிலும் எதிரெதிரே சிறு முடிச்சுகள் கெட்டிப்படும். அதன் பிறகு நாண்கள் முழுதாக மூடுவதில்லை. இடுக்கு வழியே காற்று ஒழுகும், குரல் கரகரக்கும். கரகரப்பை வெல்ல ஆசிரியை இன்னும் அழுத்திப் பேசுவார், முடிச்சு இன்னும் இறுகும்.

பெண்களின் நாண்கள் குட்டை, அதிர்வெண் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் ஹயலூரானிக் அமிலம் அவர்களது மேலடுக்கில் குறைவு. தொடக்கப்பள்ளிகளில் பெரும்பாலும் பெண்களே பாடம் நடத்துகிறார்கள். இந்த மூன்றும் ஒரே தொண்டையில் கூடுவதால்தான் இந்தச் சேதம் ஆண்களைவிடப் பெண்களை அதிகம் பிடிக்கிறது.

அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் 1,243 ஆசிரியர்களையும் பிற வேலை பார்க்கும் 1,288 பேரையும் ஒப்பிட்டு நெல்சன் ராய் குழுவினர் 2004-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாழ்நாளில் ஒரு முறையாவது குரல் கோளாறுக்கு ஆளானவர்கள் ஆசிரியர்களில் 57.7 சதவீதம், மற்றவர்களில் 28.8 சதவீதம். பேட்டி எடுத்த அந்த நேரத்தில் கோளாறோடு இருந்தவர்கள் ஆசிரியர்களில் 11 சதவீதம், மற்றவர்களில் 6.2. இருமடங்குக்குப் பக்கத்தில் வரும் இந்த வித்தியாசத்தை, குரலைக் கவனிக்காத தனிமனிதரின் குற்றம் என்று தள்ள முடியாது.

ஆசிரியர்கள் ஏன் கத்துகிறார்கள்? மெதுவாகப் பேசினால்தான் என்ன? இந்தக் கேள்விக்கு 1911-லேயே விடை வந்துவிட்டது. எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சுக் காது மூக்கு தொண்டை மருத்துவர், பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் காதில் இரைச்சலைச் செலுத்தினார். உடனே அவர் குரல் உயர்ந்தது. இரைச்சலை நிறுத்தியதும் தணிந்தது. தன் குரல் ஏறியதும் இறங்கியதும் பேசியவருக்கே தெரியவில்லை. காது கேட்காததுபோல நடிப்பவர்களைக் கண்டுபிடிக்கவும் இதே சோதனை பயன்பட்டது, ஏனென்றால் இதை மனத்தால் அடக்குவது மிகக் கடினம். சுற்றுப்புற இரைச்சல் ஒரு டெசிபல் ஏறினால் குரல் ஏறத்தாழ அரை டெசிபல் தானாக ஏறும் என்று பிற்கால அளவீடுகள் காட்டின. ஆக, கத்தாதீர்கள் என்று ஆசிரியரிடம் சொல்வதில் பயனில்லை. கத்த வைப்பது அறை.

உலக சுகாதார நிறுவனம் 1999-ல் வெளியிட்ட இரைச்சல் வழிகாட்டியில், பாடம் நடக்கும்போது வகுப்பறையின் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றது. குழந்தைகளுக்குச் சொற்கள் தெளிவாக விளங்க, ஆசிரியர் குரல் பின்னணியைவிட 15 டெசிபலாவது மேலே நிற்க வேண்டும். நம் அறைகளை இதோடு வைத்துப் பாருங்கள். சிமெண்ட் பூசிய வெற்றுச் சுவர், சிமெண்ட் தரை. ஒலியை உறிஞ்சிக்கொள்ள எதுவும் கிடையாது, எழுந்த சத்தம் அறைக்குள்ளேயே சுற்றும். வேலூர் வெயிலில் ஜன்னலை மூட முடியாது, திறந்தால் பள்ளிகொண்டா பக்கத்துத் தேசிய நெடுஞ்சாலை உள்ளே வந்துவிடும். தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்கும். தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ வேய்ந்த கூரையில் மழை பிடித்தால் அன்றைய பாடம் அத்தோடு சரி.

அணைக்கட்டு ஒன்றியத்தில் நான் பார்த்த ஒரு வகுப்பைச் சொல்கிறேன். மதியம் 2 மணி. ஒரே அறையில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு சுவரைப் பார்த்தும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எதிர்ச்சுவரைப் பார்த்தும் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, டீச்சர் திரும்பி நான்காம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்தினார். கணக்கு முடித்த பிள்ளைகள் பேச ஆரம்பித்தார்கள். டீச்சர் குரல் ஏறியது. குரல் ஏறியதும் பிள்ளைகள் சத்தமும் ஏறியது, ஏனென்றால் லொம்பார்ட் சொன்னது அவர்களுக்கும் பொருந்தும். டஸ்டரால் மேஜையைத் தட்டினார். இரண்டு விரலால் தொண்டைக்குழியைப் பிடித்தபடி அடுத்த வரியைச் சொன்னார். கழுத்தின் பக்கவாட்டில் நரம்பு புடைத்திருந்தது. நடுவில் ஒரு முறை பாட்டிலைத் திறந்தார். உதடு நனையும் அளவுக்குக் குடித்துவிட்டு மூடிவிட்டார். வகுப்பு முடிந்த பின் அதைப் பற்றிக் கேட்டேன்.

"தண்ணி நெறைய குடிங்க மேடம்னு டாக்டர் சொல்றாரு. குடிச்சா அப்புறம் எங்கங்க போறது? அதுவுமில்லாம நான் அஞ்சு நிமிஷம் வெளிய போனா இந்த ரெண்டு கிளாஸையும் யாரு பாத்துக்குவாங்க?"

ஈராசிரியர் பள்ளி என்ற ஏற்பாட்டை உடற்கூறு தெரிந்த எவரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர். கூட்டம், பதிவேடு, ஒன்றிய அலுவலகம் என்று போய்விட்டால் மிச்சம் ஒருவர். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப்பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். தலையை எண்ணினால் கணக்கு சரியாகவே வரும். ஆனால் வீக்கம் வடிய வேண்டிய இடைவெளி, அதாவது பேசாமல் உட்காரும் ஒரு பாடவேளை, அந்தக் கணக்கில் எங்கும் இல்லை. உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு ஓய்வுப் பாடவேளை கிடைக்கிறது. ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு மதிய உணவு நேரமும் பிள்ளைகளோடுதான்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். குரல் நாணின் மேல்படலம் காய்ந்தால், அதை அதிரவைக்கவே அதிகக் காற்றழுத்தம் தேவைப்படும். உடலில் நீர் குறைந்தவர்களுக்குப் பேசத் தொடங்குவதற்கான குறைந்தபட்ச அழுத்தம் கூடுகிறது என்று ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். வேலூர்ப் பக்கத்துக் கோடையில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் பாடம் நடத்துவது நாண்களை உலர்த்தி மோதவிடுவதுதான். கெடுதல் தொண்டையோடு நிற்பதில்லை. வேலையிடத்தில் கழிப்பறைக்குப் போவதைத் தவிர்க்கத் தண்ணீரைக் குறைத்துக்கொண்ட அமெரிக்க ஆசிரியைகளுக்குச் சிறுநீர்த் தொற்று இருமடங்குக்கும் மேல் வந்தது என்று 1997-ல் இங்க்ரிட் நைகார்ட், மார்க் லிண்டர் இருவரும் எழுதினார்கள். சிறுநீர்ப்பையில் நீர் தேங்கிக் கிடந்தால் உள்ளே வந்த பாக்டீரியா பெருகும். அடிக்கடி வெளியேறினால் அடித்துக்கொண்டு போய்விடும். அவ்வளவு எளிமையான காரணம்.

கேரளத்தில் 2019-ல் பேசப்பட்ட 'வாட்டர் பெல்' 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் வந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. அந்த மணிக்கு டீச்சரும் குடிக்க வேண்டும் என்றால், பெரியவர்களுக்கென்று தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் வரும் ஒரு கழிப்பறையும், அவர் போய்வரும் ஐந்து நிமிடத்துக்கு வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். ஆசிரியர் நலத்துக்கு எதை முதலில் செய்வது என்று என்னைக் கேட்டால், யோகா முகாமுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

குரலுக்கு என்ன செய்வது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு கைவைத்தியம் இருக்கும். பனங்கற்கண்டு, மிளகுப் பால், சித்தரத்தை, அதிமதுரம். இதமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. விழுங்கும் கணத்தில் குரல்வளை இறுக மூடிக்கொள்கிறது, உணவும் நீரும் பின்னாலுள்ள உணவுக்குழலில் இறங்குகின்றன. நாணைத் தொட்டால் புரையேறும். குடித்த நீர் ரத்தத்தில் கலந்து, திசு வழியாகத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும், அதற்கு நேரமாகும். அதனால் தொண்டை கட்டிய பிறகு குடிப்பதைவிட, காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து வருவதுதான் பலன் தரும். ஆவி பிடித்தால் ஈரம் நேராக நாணுக்குப் போகும். அடிக்கடி கனைத்துக்கொள்வது நாண்களை ஓங்கி மோதவிடுகிறது, அதை விட்டுவிட வேண்டும். குரல் கட்டினால் கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வு என்று பலர் நினைக்கிறார்கள். பலருக்கு அது குரல்வளைத் தசைகளை இன்னும் இறுக்கத்தான் செய்கிறது.

அறிவுரை எவ்வளவு தூரம் பயன்படும் என்பதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். முன் சொன்ன நெல்சன் ராய் 2002-ல் குரல் கோளாறுள்ள 44 ஆசிரியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு இடுப்பில் மாட்டும் சிறிய ஒலிபெருக்கியும் மைக்கும். இன்னொரு குழுவுக்குக் குரலைப் பேணும் அறிவுரைகள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, தெளிவான முன்னேற்றம் மைக் மாட்டிய குழுவில் மட்டுமே இருந்தது. அறிவுரை பெற்றவர்கள் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ஆசிரியர் நலம் என்றாலே ஒரு பேச்சாளரை அழைத்து அரங்கில் உட்காரவைக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அப்படிச் செய்பவர்கள் இந்த முடிவை ஒரு முறையாவது படிக்க வேண்டும். அந்தச் சிறு மைக் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற கூச்சம் முதல் வாரத்தோடு போய்விடும்.

இந்த மைக் சோதனைக்கு முந்தைய ஆண்டு அதே குழு செய்த சோதனையில், முறையான குரல் பயிற்சிகளும் பலன் தந்தன. மிக எளிய ஒன்றை இங்கே சொல்லலாம். மெல்லிய ஸ்ட்ராவை உதட்டில் வைத்து, காற்று வேறெங்கும் ஒழுகாமல், அதன் வழியே 'ஊ' என்று முனக வேண்டும். தாழ்ந்த சுருதியிலிருந்து மேலேறி, மறுபடி இறங்க வேண்டும். காலையில் வகுப்புக்கு முன் சில நிமிடம், மதியம் சில நிமிடம் போதும். ஸ்ட்ராவின் குறுகிய துளை உண்டாக்கும் எதிரழுத்தம் நாண்களைச் சற்றே விலக்கிப் பிடிக்கிறது, அவை அதிர்கின்றன ஆனால் பலமாக மோதுவதில்லை. குரல் இயற்பியலாளர் இங்கோ டிட்ஸே இதன் கணக்கை 2006-ல் விளக்கி எழுதினார். செலவு கிட்டத்தட்ட எதுவுமில்லை.

அறையையும் மாற்றலாம். திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். அறைக்குள் எதிரொலி சேர்வதால் அவ்வளவு கூடாது, ஆனாலும் தூரம் குறைவது ஆசிரியரின் குரலுக்கு லாபம். 2025 ஜூலையில் பிள்ளைகளை ஆசிரியருக்குப் பக்கத்தில் கொண்டுவரும் 'ப' வடிவில் உட்காரவைப்பது பற்றித் தமிழ்நாட்டில் விவாதம் எழுந்தபோது, கடைசி பெஞ்சு என்ற பாகுபாடு பற்றியும், கழுத்தைத் திருப்பியே உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு வலி வருமா என்பது பற்றியும் நிறையப் பேசினார்கள். கழுத்து பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் அந்த வரிசை ஆசிரியரின் தொண்டைக்கு என்ன செய்யும் என்று கேட்ட குரலை நான் எங்கும் படிக்கவில்லை.

பள்ளி என்றால் ஆசிரியர் மட்டுமல்ல. 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் இருக்கிறார்கள். 2022-ல் வந்த காலை உணவுத் திட்டத்தில் சமைக்கும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் இருக்கிறார்கள். தோல் தொழில் ஊர்களில் காலை உணவின் அருமை தனி. தாய்மார்களை ஷூ கம்பெனி வேன் விடியும்போதே ஏற்றிக்கொண்டு போய்விடும். பிள்ளையின் முகம் வாடியிருப்பதை, உடம்பு சுடுவதை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் சமையலக்காவோ டீச்சரோதான். அந்தச் சமையலக்கா விடியும் முன் எழுந்து வந்து, தாழ்ந்த கூரைக்குக் கீழே அடுப்போடு நின்று, சோறு நிறைந்த அண்டாவை இறக்குகிறார். குனிந்து தூக்கும்போது இடுப்பின் கீழ்முதுகு வட்டுகளில் விழும் அழுத்தம் நிமிர்ந்து நிற்பதைப்போலப் பல மடங்கு. அண்டாவை இடுப்பு உயரத்திலேயே வைத்து இறக்க ஒரு மேடை, புகையும் வெக்கையும் வெளியேற ஒரு விசிறி. இரண்டும் ஒரு கொத்தனாருக்கும் ஓர் எலக்ட்ரீஷியனுக்கும் சில நாள் வேலை. கழிப்பறையைக் கழுவும் தூய்மைப் பணியாளருக்குக் கையுறைகூடக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு என்று ஜவ்வாது மலை ஊராட்சிகளும் அணைக்கட்டு ஒன்றியத்தில்தான் வருகின்றன. அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை, வண்டி போகும் பாதை இல்லாததால் உரிய நேரத்தில் மருத்துவமனை சேர முடியாமல் இறந்தது 2023-ல் பெரிய செய்தியானது. அத்தகைய மலையூர்களின் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு, காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை வாங்கவும் மலை இறங்க வேண்டிய நாட்கள் உண்டு.

உடம்பை விட்டு மனதுக்குப் போகலாம் என்று எழுத நினைத்தேன். அறிவியல் அப்படிப் பிரிக்க விடுவதில்லை. அச்சுறுத்தலைக் கண்டதும் அட்ரினல் சுரப்பி கார்டிசாலை விடுகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, இதயம் வேகமாகிறது. சற்று நேரத்தில் எல்லாம் அடங்கினால் கெடுதல் இல்லை. அடங்காமலே மாதங்கள் போனால் ரத்த அழுத்தம், தூக்கம், நோய் எதிர்ப்பு எல்லாமே சீர் குலையும். எந்த வேலை இப்படி அடங்கவிடாமல் வைத்திருக்கிறது? ராபர்ட் கராசெக் 1979-ல் ஒரு விடை சொன்னார். வேலை அதிகம் என்பது மட்டும் ஆளைக் கெடுப்பதில்லை. வேலை அதிகமாகவும், அதை எப்போது, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருந்தால்தான் கெடுதல் முற்றுகிறது. லண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஒயிட்ஹால் ஆய்வு இதை உறுதிசெய்தது. வேலையின்மீது பிடி குறைவாக இருந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது.

நம் ஆசிரியரின் பிடியில் என்ன இருக்கிறது? காலையில் பள்ளி விவரங்களை ஏற்றும் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு. சிக்னல் இல்லையென்றால் மைதானத்தின் மூலைக்குப் போய் போனை உயர்த்திப் பிடிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் 'இன்று மாலைக்குள்' என்று ஒரு படிவம். இரவு 9 மணிக்கு இன்னொன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு கல்விசாரா வேலைகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்கிறது. ஆனால் விவரம் ஏற்றும் வேலையைக் கல்விசார் வேலை என்றே சொல்லிவிடலாம் என்பதால், இந்தப் பிரிவு அதைத் தடுப்பதில்லை.

ஜெர்மானிய சமூகவியலாளர் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996-ல் இன்னொன்றைச் சேர்த்தார். போட்ட உழைப்புக்கும் கிடைத்த ஊதியம், மதிப்பு, நிலையான வேலை ஆகியவற்றுக்கும் இடையே பெரிய பள்ளம் இருந்தால், அதுவும் உடம்பைக் கெடுக்கும். 2009 ஜூன் 1-க்குப் பின் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள், பக்கத்து வகுப்பில் அதே பாடத்தை நடத்தும் மூத்தவரைவிடக் குறைந்த அடிப்படை ஊதியம் வாங்கினார்கள். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு 2018 டிசம்பரிலும் 2023-லும் சென்னையில் பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் உள்ள டி.பி.ஐ. வளாகத்தில் உண்ணாவிரதம் இருந்தார்கள், பலர் மயங்கி விழுந்தார்கள். 2012-ல் நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் தையல், ஓவியம், உடற்கல்வி சொல்லித்தந்தபடி பணி நிரந்தரத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். இதை நாம் சங்கப் பிரச்சினை, பட்ஜெட் பிரச்சினை என்றே பேசுகிறோம். சீக்ரிஸ்ட் கணக்கில் இது இதயத்தின் பிரச்சினையும்தான்.

ஆசிரியரின் சோர்வு பிள்ளைகளையும் தொடுகிறது என்பதற்குத் தடயம் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஈவா ஓபர்லே, கிம்பர்லி ஷோனர்ட்-ரைக்கல் இருவரும் 17 ஆசிரியர்களின் வகுப்புகளில் 400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் உமிழ்நீரில் கார்டிசாலை அளந்தார்கள். மனம் எரிந்து ஓய்ந்துபோனதாகச் சொன்ன ஆசிரியர்களின் வகுப்புகளில், பிள்ளைகளின் காலைநேர கார்டிசால் அதிகமாக இருந்தது. 2016-ல் இது வெளியானது. ஆசிரியரிடமிருந்து பிள்ளைக்குப் போனதா, கடினமான வகுப்பு ஆசிரியரை ஓய்த்ததா என்று இந்த ஓர் ஆய்வால் தீர்க்க முடியாது. இரண்டு திசையிலும் போகக்கூடும். எப்படியானாலும் டீச்சரின் நலம் வேறு, பிள்ளையின் நலம் வேறு என்று தனித்தனியாக வைக்க முடியாது.

வேறு நாடுகள் என்ன செய்தன? போலந்து, நெடுங்காலம் குரலை வருத்தும் வேலையால் வரும் குரல் நாண் முடிச்சு, திசுத் தடிப்பு ஆகியவற்றை ஈட்டுத்தொகைக்குரிய தொழில் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. குறைந்தது 15 ஆண்டுப் பணி தேவை. ஸ்பெயின் 2006-ல் குரல் நாண் முடிச்சைத் தன் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் வந்ததும் எல்லாம் மாறிவிடாது. ஆனால் பெயர் ஏறினால் எண்ணத் தொடங்குவார்கள். எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்தக் கூரைக்குக் கீழே என்று தெரியவரும். இன்று அணைக்கட்டு ஒன்றியத்தில் தொண்டை கட்டிய ஓர் ஆசிரியை தற்செயல் விடுப்பு எடுத்தால், பதிவேட்டில் 'சொந்த வேலை' என்றுதான் ஏறும்.

2023 மார்ச்சில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின், ஆசிரியர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை முழு உடல் பரிசோதனை செய்யப்படும் என்று அறிவித்தார். அதில் தொண்டையையும் சேர்க்க வேண்டும். முதல் வடிகட்டலுக்குக் கருவிகூட வேண்டாம், ஒரு கடிகாரம் போதும். ஆழ மூச்சிழுத்து, இயல்பான சுருதியில் 'ஆ' என்று எவ்வளவு நேரம் இழுக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். நல்ல நிலையிலுள்ள பெரியவர்களுக்கு இது பொதுவாக 15 வினாடியைத் தாண்டும். 10 வினாடிக்குள் அறுந்தால் நாண்கள் சரியாக மூடவில்லை என்று சந்தேகிக்கலாம். குரல் நான்கு வாரத்துக்கு மேல் கரகரத்தாலும், பேசும்போது வலித்தாலும், காலையில் நன்றாக இருந்து மாலையில் தினமும் தேய்ந்தாலும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சி.எம்.சி.க்கோ போய்க் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, உள்ளே கேமரா விட்டு நாண்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வீக்கமாக இருக்கும்போதே போனால் பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகும். முடிச்சு கெட்டிப்பட்ட பிறகும் முதல் சிகிச்சை பேச்சுப் பயிற்சிதான், கத்தி கடைசியில்தான் வரும். மருத்துவச் சீட்டில் 'ஆசிரியப் பணியால் ஏற்பட்ட குரல் சேதம்' என்று எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.